ஓம் பாத்து வாங்கணும்லே மருமவனே

ஐதராபாத்து கச்சிபௌலில இருவதாவது மாடில வீடு. வீட்டுல மேச. மேசமேல டாக்குன்னு ஒரு டப்பா, ஆம்ப்ளிஃபயர்னு ஒரு டப்பா. எல்லாம் வாங்கி அடுக்கிட்டு, "மாமா, இதுக்கு எந்த ஹெட்போன் எடுக்கட்டும்"னு கேக்க. கட்டில வாங்கிப் போட்டுட்டுப் பொண்ணு தேடுத ஆளு நீ.

நான் சவுண்ட் சர்வீஸ் நடத்துனவன், பனைமரத்துல கொழாய் கட்டுனவன். ஆம்ப்ளிஃபயர் பொறத்தால 4, 8, 16 ஓம்னு திருகாணி இருக்கும். எத்தன கொழாய எதுல மாட்டணும்னு கணக்குத் தெரியலைன்னா, கோயில் கொடை முடியுமுன்ன யூனிட்டு கருகிரும். காதுல மாட்டுததுக்கும் அதே கரண்டுதாம்லே.

சென்ஹைசர் எச்.டி. 800 எஸ்ஸுன்னு ஒண்ணு சொன்னியே, அதுக்கு 300 ஓம். போன்ல மாட்டுத சின்ன வாலு ஒரு வோல்ட்டு குடுக்குன்னு வையி. வோல்ட்ட அதாலயே பெருக்கி ஓமால வகு. 3 மில்லிவாட்டு சொச்சம். அதே வாலுல 32 ஓம் மாட்டுனா 31. ஒசந்த ஓமுக்கு வோல்ட்டுதான் தீனி. ஹைஃபைமேன் சுஸ்வாரா வேற ரகம். 60 ஓம்தான், ஆனா ஒரு மில்லிவாட்டுக்கு 83 டெசிபெல்தான் கத்தும். தவுல் அடில 113-ஐத் தொடணும்னா ஆயிரம் மடங்கு வேணும், முழுசா ஒரு வாட்டு. ஒம் ஆம்ப்ளிஃபயர் பொட்டி அத்தன ஓமுக்கு எத்தன வாட்டு தரும்னு அட்டைல போட்டிருப்பான். வெல ஒட்டுன எடத்த மட்டும் பாத்தா தெரியாது.

வால்வு செவப்பா மினுக்குதேன்னும் மயங்காத. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வுப் பொட்டி 300 ஓமுக்குச் சோடி சேரும். 20 ஓமுக்கு முக்கும். பொட்டியோட அவுட்புட் ஓம் ஹெட்போன் ஓம்ல எட்டுல ஒரு பங்குக்குக் கீழ இருந்தா தைரியமா மாட்டு.

டாக்கு கத தனி, எண்ணா இருக்க பாட்டக் கரண்டா மாத்துத டப்பா அது. 1982-ல கடைக்கு வந்த சீடியே 16 பிட்டு, 44.1 கிலோஹெர்ட்ஸு. மனுசக் காது எட்டுத 20 கிலோஹெர்ட்ஸ அதுவே கொண்டாந்துரும். நீ 768-ன்னு போட்டதுக்குத் துட்ட அள்ளிக் குடுத்திருக்க. வீட்ட வவ்வாலுக்கு வாடகைக்கு விடப் போறியா?

அதுல போடுதது எம்.எஸ்.வி.யோட கருப்பு வெள்ளப் படப் பாட்டு! அது ஒத்த சேனலு, எதுல கேட்டாலும் நடுமண்டைல உக்காந்துதான் பாடும். 1978-ல 'ப்ரியா' படப் பாட்டெல்லாம் ஸ்டீரியோல வந்துச்சு, அத எடு. இல்ல 1986-ல இளையராஜா போட்ட 'ஹவ் டு நேம் இட்', நரசிம்மன் வயலினுக்காவது நீ செலவழிச்ச துட்டு தகும்.

இன்னொண்ணு. நீ சொன்ன ரெண்டுக்கும் முதுகு தொறந்திருக்கும். வெளிச் சத்தம் அப்பிடியே உள்ள வரும். ஒங்க ஊர்ல பாறையக் கொடைஞ்சு மாடி கட்டுதான், பயோடைவர்சிட்டி சந்திப்புல ஆரன் அடிக்கான். ராத்திரிதான் அடங்கும். அப்ப ஒனக்கு அமெரிக்காக்காரன் மீட்டிங்கு!

டாக்குல சந்தேகம்னா, போன் வாலையும் அதையும் அதே ஆம்ப்ளிஃபயர்ல மாட்டி, மல்ட்டிமீட்டர் வச்சு ரெண்டு வோல்ட்டையும் ஒண்ணாக்கு. எது துளி சத்தம் கூடப் பாடுதோ அதுதான் நல்லா பாடுத மாரித் தோணும். கண்ணக் கட்டிக்க. ஒம் பொஞ்சாதிய மாத்தி மாத்திப் போடச் சொல்லு. பத்துல ஒம்போது சரியாச் சொன்னியா, நீயே வச்சுக்க. இல்லியா, பார்சல் கட்டி இங்க அனுப்பிரு. பொறத்தால லைன் அவுட் இருக்குல்லா, ஆடிக் கொடைக்கு எஞ் செட்டுல மாட்டிக்கிடுதேன்.