நாற்பதில் எடுத்த பேனா

கேள்வி: என் அப்பா கதைகள் எழுதியவர். நாற்பது வயதுக்கு மேல் நானும் எழுத வரலாமா?
– வாசகர், லேக் மார்க்கெட், கொல்கத்தா

பதில்: தாராளமாக வாருங்கள்! உங்கள் ஊர் சத்யஜித் ராய் வந்த வயது அதுதானே. தாத்தா உபேந்திரகிஷோர் 1913-இல் தொடங்கி, அப்பா சுகுமார் ராய் நடத்திய சிறுவர் பத்திரிகை ‘சந்தேஷ்’. 1923-இல் அப்பா மறைந்தபோது ராய்க்கு இரண்டு வயது. நின்றுபோன அந்தப் பத்திரிகையை 1961-இல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து மீட்டார். பத்திரிகை வந்தால் பக்கம் நிரம்ப வேண்டாமா? ராயின் கதைகளில் புரொஃபசர் ஷோங்கு பிறந்தார்; துப்பறியும் ஃபெலுதா 1965-இல்தான் வந்தார். உங்களுக்கோ அப்பாவின் கதைகளோடு அவர் பேச்சும் வாய்த்திருக்கும். எவ்வளவு பெரிய முதல்! இந்த ஞாயிறே உட்காருங்கள். ஃபெலுதாவுக்கு மட்டும் நான்கு வருடம் அவகாசம் தருகிறேன்.