குறைந்தபட்ச இருப்பும் அதிகபட்ச அன்பும்

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
(வங்கியின் பெயரை எழுதினால் அதற்கும் கட்டணம் விழுமோ என்று விட்டுவிட்டேன்)
மதுரை.

பொருள்: சேமிக்கக் கற்றுத் தந்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

அய்யா,

நிதி எழுத்தறிவு வாரத்தில் எங்கள் கல்லூரிக்கு வந்து, மாணவிகள் இப்போதிருந்தே சேமிக்க வேண்டும் என்று நெடுநேரம் பேசினீர்கள். ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அந்த வாரத்தை மகளிர் வளத்துக்கென்றே ஒதுக்கியிருந்தது. கடைசியில் ஆளுக்கொரு பேனா கொடுத்தீர்கள். அந்தப் பேனாவால்தான் இதை எழுதுகிறேன். உங்களிடமிருந்து வந்து, திரும்பப் பிடித்தம் ஆகாத ஒரே பொருள் அதுதான்.

நான் செக்கானூரணிப் பக்கம். பி.காம். படிக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிடையாது. மதியத்துக்கு வீட்டுச் சோறு. அது இல்லாத நாளில் அம்மா உணவகத்தில் 5 ரூபாய் சாம்பார் சாதம். புத்தகம் விலைக்கு வாங்குவதில்லை. புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அங்கே ஏ.சி.யும் இலவசம். இப்படி எல்லாம் மிச்சம் பிடித்தும் காசு எங்கே போகிறது என்று பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தேன்.

உங்களிடம்தான் வந்திருக்கிறது.

பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய கணக்கு அது. அப்போது ஒரு ரூபாய்கூட இருப்பு வைக்க வேண்டியதில்லை என்றார்கள். பதினெட்டு முடிந்ததும் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிட்டீர்கள். ஓட்டுப் போடும் உரிமையோடு அபராதம் கட்டும் உரிமையும் கைக்கு வந்தது. அரசு எனக்குத் தருவது 1,000. நீங்கள் என் கணக்கில் எப்போதும் இருக்கச் சொல்வது 2,000. அதுவும் மாதச் சராசரியாக. பணம் வந்து 3 நாள் 1,000 கிடந்து, பரீட்சைக் கட்டணம் போக மீதி 27 நாள் 50 ரூபாய் நின்றால், சராசரி 145 ரூபாய். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் எனக்கு இவ்வளவு தெளிவாக எதுவும் புரிந்ததில்லை. தனியாக நன்றி.

இருப்பு குறைந்ததற்கு ஒரு கட்டணம். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சரக்கும் சேவையும் இருந்தால்தானே அந்த வரி? என்னிடம் காசு இல்லை என்பதை நீங்கள் எனக்கே தெரிவித்தீர்களே, அந்தச் சேவைக்கு என்று வைத்துக்கொள்கிறேன். தெரிவித்த குறுஞ்செய்திக்கு மூன்று மாதத்துக்கொரு தனிக் கட்டணம். ஏ.டி.எம். கார்டுக்கு ஆண்டுக் கட்டணம். இதற்கெல்லாம் ஈடாக நீங்கள் தரும் வட்டி இரண்டரை சதவீதம். 1,000 ரூபாய் ஒரு வருடம் அசையாமல் கிடந்தால் 25 ரூபாய் கிடைக்கும்; ஆனால் உங்களிடம் அது அசையாமல் கிடப்பதில்லை.

ஒன்றை மட்டும் பாராட்டியே ஆக வேண்டும். கணக்கில் 480 ரூபாய் இருக்கும் நாளில் உங்கள் ஏ.டி.எம்.மில் 500 ரூபாய் நோட்டு மட்டும் இருக்கும். இதைவிட உறுதியான சேமிப்புத் திட்டத்தை நான் படித்ததில்லை. 100, 200 நோட்டும் வையுங்கள் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. நீங்கள் எங்கள் நலன் கருதித் தாமதிக்கிறீர்கள் போல. அவசரத்துக்கு ஊர் பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கு ஜிபேயில் அனுப்பிவிட்டு ரொக்கம் வாங்கிக்கொள்கிறோம். அவர் சராசரி கேட்பதில்லை.

எங்கள் ஊருக்கு வாரா வாரம் வண்டியில் வட்டிக்காரர் ஒருவர் வருவார். கந்துவட்டி குற்றம் என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. அவரும் வந்துகொண்டுதான் இருக்கிறார். ஆனால் அவர் வாசலில் நின்று குரல் கொடுப்பார், தண்ணீர் வாங்கிக் குடிப்பார், அப்பத்தாவின் முழங்கால் வலியை விசாரிப்பார், பிறகுதான் கேட்பார். முக்கியமாக, அவரிடம் கடன் வாங்கியவர்களிடம் மட்டும் கேட்பார். உங்களிடம் நாங்கள் வாங்கவில்லை, கொடுத்துத்தான் வைத்திருந்தோம்.

நான் தனி ஆள் இல்லை என்று தெரிந்தது கொஞ்சம் ஆறுதல். இருப்புக் குறைவுக்காகப் பொதுத்துறை வங்கிகள் மட்டும் ஐந்து ஆண்டில் சுமார் 8,500 கோடி ரூபாய் வசூலித்தன என்று 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார்கள். என் கணக்குப்படி அது எட்டரைக் கோடி புதுமைப்பெண் தவணை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்த கையோடு அம்மாமார்களின் 1,000 ரூபாயிலும் சில வங்கிகள் கைவைக்க, மாநில நிதியமைச்சர் தங்கம் தென்னரசு எச்சரிக்க வேண்டியதாயிற்று. தம்பி கல்லூரிக்குப் போனால் தமிழ்ப்புதல்வன் திட்டப் பணம் வரும். குடும்பத்தோடு உங்களுக்கு உதவக் காத்திருக்கிறோம்.

இந்த அபராதத்தை ஸ்டேட் வங்கி 2020-லேயே கைவிட்டது. 2025-இல் கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் விட்டன. அவர்களுக்கு ஏழைகள் மேல் உங்கள் அளவு அக்கறை இல்லை.

நிற்க. குறைந்தபட்ச இருப்பே தேவைப்படாத 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு' என்று ஒன்று உண்டு. கேட்பவருக்கு எல்லா வங்கியும் தர வேண்டும், ஏ.டி.எம். கார்டுக்கும் கட்டணம் கூடாது என்று 2012-இலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அன்று மேடையில் எல்லாத் திட்டங்களையும் விளக்கிய உங்களுக்கு இதைச் சொல்ல மட்டும் நேரம் போதவில்லை. என் கணக்கை அப்படி மாற்றித் தர வேண்டுகிறேன். விண்ணப்பமும் ஆதார் நகலும் இணைத்துள்ளேன்.

பதிலைக் குறுஞ்செய்தியில் அனுப்ப வேண்டாம். டவுன் பஸ் ஏறி நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சேமிப்பாளர்
(இன்றைய இருப்பு: 38 ரூபாய்)