முப்பத்து மூன்று வருஷத் தொண்டு

மெடியேட்டர் மாத்திரையே, உன்னைப் போல் நின்று உழைத்த மருந்து ஒன்றை நான் அறியேன். 1976-ல் பிரான்ஸின் மருந்துக்கடைகளுக்கு வந்தாய். 2009 நவம்பரில்தான் இறங்கினாய். முப்பத்து மூன்று வருஷம் ஒரே வேலையில் இருந்தவரை நம் ஊர் அலுவலகங்களில் சந்தன மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டு வருவார்கள். உனக்கு அப்படி ஒரு பிரிவுபசார விழா நடக்கவில்லை. அந்தக் குறை இருக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

உன் அடக்கத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பசியை அடக்குவது உனக்குப் பிறவிக் குணம். ஆனால் அதை நீ வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ரத்தத்தில் கொழுப்பு கூடியவர்களுக்கும் உடம்பு கனத்த சர்க்கரை நோயாளிகளுக்கும் ஒரு துணை மருந்து, அவ்வளவுதான் என்று அட்டையில் அச்சிட்டுக்கொண்டு ஓரமாக நின்றாய். ‘நாலு கிலோ குறைந்தால் போதும் டாக்டர்’ என்று வந்தவர்களுக்கும் உன்னைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். சர்க்கரை மருந்து வரிசையில் நீ நின்றதால், உன் விலையில் 65 சதவீதத்தை அரசின் மருத்துவக் காப்பீடே கட்டியது. ஏறத்தாழ 50 லட்சம் பேர் உன்னை விழுங்கினார்கள். வேண்டியவர், வேண்டாதவர் என்று நீ பார்க்கவில்லை. அத்தனை பேர் உடம்புக்குள்ளும் ஒரே மாதிரிதான் போனாய்.

பெயரிலோ அரிச்சந்திரனே நீதான். மருந்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பொதுப்பெயர் வைக்கும்போது, எந்த வகை மருந்து என்பதை அதன் விகுதியே சொல்லிவிடும். ‘ஓரெக்ஸ்’ என்று முடிந்தால் அது பசியடக்கி. உன் பொதுப்பெயர் பென்ஃபுளுவோரெக்ஸ். பிறந்ததிலிருந்து உன் ஜாதகத்தை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டுதான் திரிந்தாய். படிக்க வேண்டியவர்கள் படிக்கவில்லை என்றால் அது உன் தப்பா?

குடும்பப் பாசத்திலும் உன்னை மிஞ்ச ஆளில்லை. உன்னைப் பெற்ற செர்வியே நிறுவனத்துக்கு உனக்கு முன்பே ஒரு பிள்ளை உண்டு, ஃபென்ஃபுளுரமைன். பிறகு டெக்ஸ்ஃபென்ஃபுளுரமைன் பிறந்தது. பிரான்ஸில் அதை ஐசோமெரைடு என்று அழைத்தார்கள். மூவரும் உடம்புக்குள் போய்க் கரைந்தால் மிஞ்சுவது ஒரே பொருள்தான், நார்ஃபென்ஃபுளுரமைன். அது இதய வால்வில் இருக்கும் செரோடோனின் ஏற்பிகளைப் பிடித்துத் தூண்டும். காகிதம் போல் மெல்லிதாக இருந்து, துடிப்புக்குத் துடிப்பு திறந்து மூடும் வால்வின் இதழ் தடித்து, சுருங்கி, விறைத்துப்போகும். பிறகு அது சரியாக மூடாது. முன்னே போக வேண்டிய ரத்தம் பின்னுக்குக் கசியும்.

1997-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், ஃபென்ஃபுளுரமைனும் ஃபென்டெர்மின் என்ற இன்னொரு பசியடக்கியும் சேர்த்துச் சாப்பிட்ட 24 பெண்களின் வால்வுகள் இப்படிக் கெட்டிருப்பதை எழுதினார்கள். அந்த வருஷமே உன் அண்ணனும் தம்பியும் சந்தையை விட்டுப் போனார்கள். நீ போகவில்லை. குடும்பத் தொழிலை நடத்த வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டுமே என்று இன்னும் பன்னிரண்டு வருஷம் தனியாகத் தாங்கினாய்.

உன்னைக் கண்காணித்த அதிகாரிகளின் பொறுமையையும் போற்றத்தான் வேண்டும். 1995-ல் அவர்கள் ஓர் உத்தரவு போட்டார்கள். எடை குறைப்பதற்கென்று மருந்துக்கடையில் கலந்து தரும் தயாரிப்புகளில் உன்னைச் சேர்க்கக் கூடாது. அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கலாம்! ஒரே நாடு, ஒரே கடை, ஒரே மருந்து. பொட்டலத்தில் வந்தால் ஆபத்து, பெட்டியில் வந்தால் சிகிச்சை. 1999-ல் மார்சேயில் ஓர் இதய மருத்துவர் உன்னால் வால்வு கெட்டதாக அறிக்கை அனுப்பினார். 2003-ல் ஸ்பெயினை விட்டு வந்தாய், பிறகு இத்தாலியையும். பிரெஸ்கிரீர் என்ற மருத்துவப் பத்திரிகை திரும்பத் திரும்ப உன்னைப் பற்றி எழுதியது. அத்தனையையும் கேட்டுக்கொண்டு அவசரப்படாமல் இருப்பது எல்லாருக்கும் வராது.

இவ்வளவு காலம் நீ எப்படி அகப்படாமல் இருந்தாய் என்று பலரும் வியக்கிறார்கள். எனக்கு வியப்பில்லை. ஒளிந்துகொள்ள உனக்கு அருமையான இடம் கிடைத்திருந்தது. கனத்த உடம்புக்குப் பின்னால் ஒளிந்தாய். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? உடம்பு போட்டிருக்கிறதே. கால் வீங்குகிறதா? உடம்பு போட்டிருக்கிறதே. நாலு எட்டு நடந்தால் நெஞ்சு படபடக்கிறதா? குறைத்துச் சாப்பிடச் சொன்னோமே, கேட்டால்தானே. நீ செய்த ஒவ்வொரு வேலைக்கும் பழியை ஏற்க, உன்னைச் சாப்பிட்ட மனுஷியின் தொடையும் வயிறும் தயாராக இருந்தன. உடம்பைக் குறைக்க வந்த மருந்தின் குற்றத்தை அந்த உடம்பே சுமந்தது. ஒரு மருந்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. என் பெரியம்மா தொண்ணூறு கிலோவுக்கு மேல் இருந்தார். உன்னை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் நீ ஒளிந்த இடம் எங்கள் வீட்டிலும் இருந்தது. பல வருஷம் அவருக்கு மூச்சு வாங்கியது. மூன்று மருத்துவர்கள், ‘முதல்ல வெயிட்டைக் குறைங்கம்மா’ என்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் நாங்களும் அவர் தட்டில் இரண்டாவது தோசை விழும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாலாவதாகப் பார்த்த ஒரு சின்ன வயது டாக்டர் அம்மா எழுந்து வந்து, ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். முதுகுப் பக்கமும் கேட்டார். பிறகு எக்கோ எடுக்க எழுதினார். சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலில் மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தது. அன்றைக்கு ராத்திரி பெரியம்மா சொன்னது ஒரே வார்த்தைதான்: ‘நான் தின்னதால வரல.’

பிரான்ஸிலும் அப்படி ஒருவர் எழுந்து வந்தார். அவர் பிரெஸ்ட் நகரத்து நுரையீரல் மருத்துவர் இரேன் ஃபிராஷோன். 2007-ல் நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறிய, உடம்பு கனத்த ஒரு பெண்ணைப் பார்த்தபோது, அவர் சாப்பிட்ட மாத்திரைகளில் உன் பெயர் இருப்பதைக் கவனித்தார். பயிற்சிக் காலத்தில் ஐசோமெரைடு சாப்பிட்டவர்களுக்கு நேர்ந்ததைக் கண்டிருந்தவர் அவர். மருத்துவமனைக் கோப்புகளைப் புரட்டினார், வால்வு கெட்டவர்களை ஒவ்வொருவராகத் தேடி என்ன மாத்திரை சாப்பிட்டார்கள் என்று கேட்டார். 2010-ல் புத்தகம் எழுதி, ‘எத்தனை சாவுகள்?’ என்று அதற்குத் துணைத்தலைப்பு வைத்தார். உன் நிறுவனத்தின் மனசு எவ்வளவு மென்மையானது! அந்த இரண்டு சொற்களையும் தாங்க முடியாமல் நீதிமன்றம் போய் அட்டையிலிருந்து எடுக்க வைத்தது. பிறகு மேல்முறையீட்டில் அவை திரும்பி வந்தன.

உன் எஜமானர் ஜாக் செர்வியேவையும் வாழ்த்த வேண்டும். நீ கடையை விட்டு இறங்கிய அதே 2009-ல், பிரான்ஸின் லெஜியோன் தோனர் விருதின் மிக உயர்ந்த படியை அவருக்கு அணிவித்தவர் அன்றைய அதிபர் சார்கோசி. ஒரு காலத்தில் அவருக்கு வழக்கறிஞராக இருந்தவர். 2014-ல், தொண்ணூற்றிரண்டு வயதில், தீர்ப்பு எதையும் கேட்காமலே செர்வியே கண்ணை மூடினார். அந்தப் பாக்கியம் உன்னைச் சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது? அவர்களில் உன்னால் செத்தவர்கள் 500 என்கிறது ஒரு மதிப்பீடு, 2,000 வரை என்கிறது இன்னொன்று.

2021 மார்ச்சில் பாரிஸ் நீதிமன்றம், நிறுவனம் ஏமாற்றியது, அதன் செயலால் உயிர்கள் போயின என்று தீர்ப்பளித்து, 27 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் 3,03,000 யூரோ அபராதம். 2023 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மோசடிக் குற்றத்தையும் சேர்த்தது. அபராதம் 90 லட்சம் யூரோவைத் தாண்டியது, காப்பீட்டு நிதியங்களுக்கு 41 கோடி யூரோவுக்கு மேல் திருப்பித் தரச் சொன்னது. ஆக, உன் முப்பத்து மூன்று வருஷத் தொண்டுக்குக் கடைசியில் கணக்கு பார்த்துவிட்டார்கள்.

உன் இடத்துக்கு இப்போது வேறு மருந்துகள் வந்திருக்கின்றன, 2025-ல் இந்தியாவுக்கும் வந்தன. வாரம் ஒரு ஊசி போடும் செமாக்ளூடைட், பெரிய ஆய்வு ஒன்றில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடையைக் குறைத்தது. நிறுத்திய ஒரு வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. உடல் பருமன் ஒரு நோய். அதற்கு மருந்து வேண்டும். இவை பலருக்கு நல்லது செய்கின்றன. அதனால்தான் உன்னை மறக்கக் கூடாது என்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எடை குறைக்க எந்த மருந்து எடுத்தாலும், அதன் பொதுப்பெயரை ஒரு தாளில் எழுதி, போகிற ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். உங்கள் வீட்டில் உடம்பு கனத்தவர் மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், தட்டைப் பார்க்காதீர்கள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கிற ஒருவரிடம் கூட்டிப் போங்கள்.