பழைய நேரமா, புது நேரமா?

கலியாணப் பேச்சு முற்றாகி, முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டுத் தேத்தண்ணி வந்ததும் மாமா செருமுவார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாள் ஒருவருக்கும் சொந்தமில்லை. மூதூர்ப் பக்கத்துக் கிளிவெட்டியில் இப்படி ஒரு மாமா இல்லாத கலியாண வீடு கிடையாது. சில வீட்டில் இரண்டு பேர் இருப்பார்கள். அங்கே கலியாணம் அடுத்த வருடம்தான்.

சாத்திரியார் எழுதிக் கொடுத்த துண்டை மாப்பிள்ளை வீட்டார் நீட்டுவார்கள். வெள்ளிக்கிழமை, காலை 9.12 முதல் 10.20 வரை. மாமா அதைக் கிட்டப் பிடிப்பார், எட்டப் பிடிப்பார், பிறகு கேட்பார்: "இது பழைய நேரமோ, புது நேரமோ?"

இளசுகள் விழிக்கும். பெரியவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டைச் சொல்லி அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 சித்திரையில்தான் வந்து சேர்ந்தது. இடையில் பத்து வருடம் புலிகளின் பக்கம் பழைய நேரம், இராணுவத்தின் பக்கம் புது நேரம். ஒன்பதரைக்கு முகூர்த்தம் என்று கேள்விப்பட்டு அந்தப் பக்கத்துச் சித்தப்பா தன் மணிக்கூட்டில் சரியாக ஒன்பதரைக்கு வந்து இறங்கினால், இந்தப் பக்கம் பத்து மணி, தாலி ஏறியிருக்கும். அன்றைக்கு அந்தக் கேள்வி நியாயம். அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கே இப்போது கலியாணம் பேசுகிறோம். மாமா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"நாடு முழுக்க இப்ப ஒரே நேரந்தான் மாமா" என்றால் அடங்கிவிடுவார் என்று நினைப்பவர்கள் ஊருக்குப் புதியவர்கள்.

"சரி, எந்தப் பஞ்சாங்கம்?"

அவர் கொக்குவில் இரகுநாதையர் வாக்கியம். சம்பந்தி வீடு திருக்கணிதம். இரண்டிலும் புதுவருடமே ஒரே நேரத்துக்குப் பிறக்காது, முகூர்த்தம் மட்டும் எப்படி ஒத்துவரும்? அதை ஒருமாதிரித் தீர்த்தால், பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்துக்குக் கணித்ததாம், நாங்கள் அதற்குக் கிழக்கே இருக்கிறோமாம், இங்கே ஐந்து நிமிடம் கழிக்க வேணுமாம். இதில் பிழையும் பிடிக்க முடியாது. ஒரு பாகைக்கு நாலு நிமிடம் என்று பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தார்கள். ஆகவே 9.12 இப்போது 9.07. வெள்ளியில் 10.30க்குத் தொடங்கும் இராகு காலம் 10.25. மாப்பிள்ளை வீட்டார் தந்த துண்டின் பின்பக்கத்திலேயே, அவர்கள் பார்த்திருக்க, இந்தக் கழித்தல் நடக்கும்.

பிறகு மிதவைப் பாதைக் கணக்கு. மாப்பிள்ளை ஆட்கள் திருகோணமலையில் இருந்து வருவதென்றால், துறையடியில் பாதைக்குக் காத்து நிற்க ஒன்றரை மணித்தியாலம் கூட்டுவார்.

"மாமா, கிண்ணியாவுக்கு 2009இலேயே பாலம் திறந்தாச்சு. மற்றத் துறைகளுக்கும் போட்டாச்சு."

"பாலம் கிடக்கட்டும் தம்பி. சனம் வீட்டால வெளிக்கிட வேணுமே?"

இதற்கு இன்றுவரை ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

வெள்ளாமை வெட்டு, பிள்ளைகளின் சோதனை, வெருகல் திருவிழா, மாரி மழை, ஜும்ஆவுக்குப் போகவேண்டிய தோப்பூர்ச் சிநேகிதர் எல்லாம் அவரிடம் வரிசையாக உண்டு. ஆடி, புரட்டாதி, மார்கழி, பங்குனி தாமாகவே போய்விடும். மிஞ்சுகிற நாளில் ஐயர் இல்லை.

கோபித்துக்கொள்ளவும் மனம் வராது. ஊரடங்கு போடுமுன் பந்தியை முடித்து, சோதனைச் சாவடியில் கூறைப் பெட்டியைத் திறந்து காட்டிக் கலியாணம் செய்த காலத்து மனுசன். அரை மணித்தியாலம் பிந்தினால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காகக் கிடந்தபோது, அந்தத் தகரக் கொட்டில் கலியாணங்களுக்கும் இதே பஞ்சாங்கத்தோடு போய் நாள் வைத்துக் கொடுத்தவர். வெற்றிலை மட்டும்தான் வாங்கினார்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. இத்தனை கணக்கிலும் பெண்பிள்ளையின் கணக்கு எங்கேயும் இல்லை. நாள் முற்றான அன்று இரவு தாய் குசினிக்குள் கலண்டரைத் திருப்பி விரல் மடித்துப் பார்ப்பாள். முகம் மாறும். மறுநாள் மூதூர் பாமசியில், சத்தமில்லாமல், நாளைத் தள்ளிப்போடுகிற மாத்திரை. தலையிடியும் பிரட்டலுமாகப் பிள்ளை மணவறையில் இருப்பாள். "விரதக் களை" என்பார் மாமா. ஐந்து நிமிடத்துக்கு மல்லுக்கட்டுகிற மனுசன் அந்த ஐந்து நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. தனக்கு வெட்கமென்றால் மாமியை அனுப்பிக் கேட்டிருக்கலாம். அதற்கு வாக்கியமும் வேண்டாம், திருக்கணிதமும் வேண்டாம்.

உங்கள் வீட்டில் நாள் வைக்கப் போகிறீர்கள் என்றால், துண்டு மாமாவின் கைக்குப் போகுமுன் தாயும் மகளும் ஒருதரம் பார்க்கட்டும். பிறகு அவர் ஐந்து நிமிடம் கூட்டினாலும் கழித்தாலும் விட்டுவிடுங்கள். தாலி கட்டுகிற நேரத்தை எப்படியும் வீடியோக்காரர்தான் தீர்மானிக்கிறார்.