அந்த இரண்டு வாரம்

கேள்வி: கல்யாணமாகி ஆறு வாரம்தான் ஆகிறது. ஸ்கேனில் எட்டு வாரக் கர்ப்பம் என்கிறார்கள். மாமியார் முகமே மாறிவிட்டது. என்ன சொல்வேன்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் வாழ்த்துகள், தாயே! கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. கரு உண்டான நாள் உறுதியாகத் தெரியாது என்பதால், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்தே மருத்துவர்கள் எண்ணுவார்கள். கருமுட்டை வெளிவருவது ஏறத்தாழ 14ஆம் நாளில். ஆக, முதல் இரண்டு வாரம் பிள்ளையே இல்லாத கர்ப்பம்! எட்டில் இரண்டு போனால் ஆறு. மாமியாரின் காலண்டரும் அதைத்தானே சொல்கிறது?

பிரசவத் தேதிக்கு, ஜெர்மானிய மருத்துவர் நேகலே பெயரால் வழங்கும் கணக்கு உண்டு: அந்த முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டுங்கள். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. மொத்தம் 280 நாள். மாதவிலக்கு 35 நாளுக்கு ஒருமுறை வருபவர்களுக்கு ஒரு வாரம் தள்ளும். முதல் மூன்று மாதத்து ஸ்கேன் இன்னும் நம்பகமானது. ஆனாலும் குறித்த நாளிலேயே பிறப்பவை நூற்றுக்கு ஐந்து குழந்தைகள்தான்.

அடுத்த பரிசோதனைக்கு மாமியாரையும் அழைத்துப் போங்கள். டாக்டர் வாயாலேயே கேட்கட்டும். நீங்கள் தலைகுனிய எதுவுமே இல்லை.