ஆரஞ்சுத் தக்காளியும் அதன் தீராச் செங்காய் நிலையும்: ஓடைப்பட்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

தக்காளிக்குப் பருவம் மூன்று: காய், செங்காய், பழம். தேனிப் பக்கம் தக்காளி பறிக்கும் எவருக்கும் இதில் மாற்றுக் கருத்து கிடையாது. காய் செடியில் இருக்கும். செங்காய் பெட்டியில் ஏறி ஒட்டன்சத்திரத்துக்கோ கேரளத்துக்கோ போகும். பழம் வீட்டுக்கு வரும், அல்லது வரும் வழியிலேயே நசுங்கும். இந்த மூன்றிலும் அடங்காத ஒன்று இப்போது உலகில் தோன்றியிருக்கிறது: கால் கிலோவைத் தாண்டிய உடம்பு, முற்றிப் பழுத்தும் மாறாத ஆரஞ்சு நிறம், வீட்டுத் தோட்டக்காரர்களுக்கென்றே உண்டாக்கிய பிறவி. இதை ஓடைப்பட்டியில் நட்டால் எந்தப் பருவத்தில் சேர்ப்பது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள். இதைவிட அவசரமான பொருள்கள் நாட்டில் உண்டு என்பதை ஆய்வாளர் அறிவார். அவற்றுக்கு வேறு ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

முதலில் ஆய்வுக்களம். சின்னமனூரை அடுத்த ஓடைப்பட்டி விதையில்லாத் திராட்சைக்குப் பேர்போன ஊர். அந்தப் பக்கம் கம்பத்தில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அது விதையுள்ள சாதி. எனவே இரு ஊருக்கும் இடையிலான கொள்கை வேறுபாட்டை இங்கே விரிக்கவில்லை. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஒரு பழத்தைக் கையில் கொடுத்தால், நிறம் எப்படி, தோல் எப்படி, எத்தனை நாள் தாங்கும், என்ன விலைக்குப் போகும் என்ற நான்கு கேள்வியையும் ஒரே பார்வையில் கேட்டு முடிக்கும் மக்கள் வாழும் இடம் இது. புதுப்பழம் எதுவும் இந்தத் தேர்வில் தப்ப முடியாது.

அடுத்து ஆய்வுப்பொருள். பீஃப்ஸ்டேக் தக்காளி என்பது மேல்நாட்டார் ரொட்டித்துண்டின் மேல் வைப்பதற்காக வளர்க்கும் தடித்த இனம். அதில் ஆரஞ்சு நிறத்துக்கு அண்மைக்கால உதாரணம் ‘செஃப்ஸ் சாய்ஸ் ஆரஞ்சு’. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து அமானா என்ற ஊரின் பெயரைத் தாங்கிய ‘அமானா ஆரஞ்சு’ என்ற பழைய இரகத்திலிருந்து பிறந்த ஒட்டு இரகம். தாய் இரகம் தாமதமாகக் காய்க்கும். இது நாற்று நட்ட 75 நாளில் பழம் தரும். ஒரு பழம் ஏறத்தாழ 350 முதல் 400 கிராம். 1932இல் தொடங்கிய ‘ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ்’ என்ற அமைப்பு வட அமெரிக்காவின் பல இடங்களில் நட்டுப் பார்த்து, 2014இல் இதற்குப் பரிசு கொடுத்தது. அந்தப் பல இடங்களில் ஓடைப்பட்டி இல்லை. ஆய்வின் தேவை இங்கிருந்துதான் எழுகிறது.

இதைப் புதுமை என்பார் உளர். அவர்க்கு மறுப்பு: 1544இல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி தக்காளியைப் பற்றி ஐரோப்பாவில் முதன்முதலாக எழுதியபோதே, அது பழுத்தால் பொன்னிறமாகும் என்றுதான் எழுதினார். சிவப்புத் தக்காளியைப் பற்றி அவர் சொன்னது பத்து ஆண்டு கழித்து. ஆக, ஐரோப்பிய ஏடுகளில் மூத்தது மஞ்சள்தான். சிவப்பு பின்னால் வந்து சொத்து முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? பழத்தின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு தரும் லைகோபீன் உருவாவது மட்டுப்படும். ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டின் அதற்கெல்லாம் அவ்வளவாக அசைவதில்லை. விளைவு என்ன? சித்திரை, வைகாசியில் நம் ஊர்ச் செடியில் வெயில்படும் பக்கத்துப் பழங்கள் சிவக்க மாட்டாமல் மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிடும். வளர்ப்பாளர்கள் பல ஆண்டு பாடுபட்டு அடைந்த நிறத்தை நம் வெயில் ஆண்டுதோறும் இலவசமாகக் கொடுக்கிறது. அதற்கு இதுவரை ஒருவரும் பரிசு கொடுக்கவில்லை. வியாபாரி விலையைத்தான் குறைத்திருக்கிறார்.

நியாயமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றல்ல. வெயிலால் ஆரஞ்சானது குறை. பிறவியிலேயே ஆரஞ்சாக இருப்பது குணம். பிறவி ஆரஞ்சுக்கும் வழி இரண்டு. லைகோபீனைப் பீட்டா கரோட்டினாக மாற்றும் மரபணு காட்டுத் தக்காளியிலிருந்து வந்து சேர்வது ஒன்று. லைகோபீன் கடைசி வளைவைத் திரும்ப முடியாமல் கோணல் வடிவத்திலேயே நின்றுவிடுவது மற்றது. இந்த இரண்டாம் வழிக்குப் பொறுப்பான மரபணுவை எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தார் 2002இல் கண்டுபிடித்தார்கள். அறிவியல் இவ்வளவு தெளிவாகத்தான் இருக்கிறது. கலங்குவது சமையல்கட்டில்.

இவ்வகைப் பழம் ஒன்றை, நன்றாகப் பழுத்த பதத்தில், மாடியிலிருந்து பறித்துப் பெரியம்மாவிடம் நீட்டியதே இவ்வாய்வின் கள ஆய்வு. கிடைத்த தரவு வருமாறு:

“ஏய்யா, செங்காயப் போயி பறிச்சுட்டு வந்திருக்க? இன்னும் ரெண்டு நாள் கெடந்துருக்கலாம்ல?”

“இது பழுத்ததுதான் பெரியம்மா. நெறமே இதான்.”

“பழுத்தா செவக்காதா? மருந்து கிருந்து அடிச்சியா?”

பழம் சொளகில் வைக்கப்பட்டது. சிவக்கவில்லை. மறுபடியும் வைக்கப்பட்டது. நீர் விடும் வரை அது செங்காயாகவே கருதப்பட்டது. நீர் விட்ட பிறகு “பழுக்காமலே அழுகிப்போச்சு” என்று தீர்ப்பாகிக் குப்பைக்குப் போனது. இதிலிருந்து பெறப்படுவது: ஆரஞ்சுத் தக்காளிக்குப் பழம் என்ற பருவம் தாவரவியலில் உண்டு, ஓடைப்பட்டியில் இல்லை. செங்காயிலிருந்து நேரே அழுகலுக்குப் போகும் உலகின் ஒரே தக்காளி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உடம்புக்கு வருவோம். காட்டுத் தக்காளிக்கு விதையறை இரண்டுதான். பூவின் நுனி எப்போது வளர்ச்சியை நிறுத்த வேண்டும் என்ற கட்டளையில் கோளாறு நேர்ந்து, அறைகள் பெருகி, சதை பெருத்து வந்ததுதான் பீஃப்ஸ்டேக். இந்த வழியில் போய் 5 கிலோவைத் தாண்டிய தக்காளியும் உலக சாதனை ஏட்டில் இருக்கிறது. நாம் 400 கிராமோடு நிற்போம். அதுவே போதிய சிக்கல்.

தமிழ்ச் சமையலில் தக்காளி காய் மட்டுமல்ல, அளவை அலகும்கூட. “ரசத்துக்கு ரெண்டு, சாம்பாருக்கு மூணு, சட்னின்னா அஞ்சு” என்பதில் எடை எங்கே வருகிறது? எண்ணிக்கைதான் வருகிறது. இந்தப் புதுப்பழத்தில் இரண்டைப் போட்டால் ரசம் கூட்டாகிவிடும். கடையிலோ நிலைமை இன்னும் மோசம். கால் கிலோ கேட்பவருக்குத் தராசில் வைத்தால் அதிகம்; அரைக் கிலோ கேட்பவருக்கு வைத்தால் குறைவு. மிச்சத்தைச் சரிக்கட்டச் சில்லறையாக ஒரு நாட்டுத் தக்காளியைத்தான் போட வேண்டியிருக்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்ததை வாசகர் மறந்திருக்க மாட்டார். அந்த 100 ரூபாய் விலையில் இந்தப் பழம் ஒன்று 40 ரூபாய். ஒற்றைப் பழத்தைக் காகிதத்தில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வரவேண்டியிருந்திருக்கும்.

சுவையில் குறை சொல்ல மனம் வரவில்லை. இனிப்பு முன்னால் வரும், புளிப்பு பின்தங்கும். உப்புத் தூவிப் பச்சையாகத் தின்ன அருமை. ஆனால் ரசத்துக்கு வேண்டியது அந்தப் புளிப்புதான். விதையைச் சுற்றியிருக்கும் கொழகொழப்பில் சதையைவிடச் சுவைச்சத்து அதிகம் என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் 2007இல் அளந்து காட்டினார்கள். நாட்டுத் தக்காளியைக் கையால் பிசைந்து புளித்தண்ணியில் கரைக்கும் எவருக்கும் இது புதுச்செய்தி அல்ல. பீஃப்ஸ்டேக்கில் சதைதான் ராஜா. கொழகொழப்புக்கு இடம் குறைவு. ரொட்டித்துண்டு நனையக்கூடாது என்பது அங்கே உள்ள கவலை. நம் வீட்டில் ரொட்டி வருவது காய்ச்சல் வந்தால் மட்டும். அதையும் பாலில் நனைத்துத்தான் தின்கிறோம். நிறமாவது சாதத்தில் தெரியுமா என்றால், மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் விழுந்த பிறகு எல்லாத் தக்காளியும் ஓர் இனம்.

கரோட்டின் கிடைக்குமே என்று வாதிடலாம். கொல்லை முருங்கைக்கீரையில் அது தாராளமாக இருக்கிறது, இலவசமாகவும் இருக்கிறது.

முருங்கை என்றதும் பெரியகுளம் நினைவுக்கு வந்துதானே தீரும். பி.கே.எம். 1 முருங்கையைத் தந்த அதே பெரியகுளம் தோட்டக்கலை நிலையம்தான் பி.கே.எம். 1 தக்காளியையும் தந்தது. இந்தத் தக்காளிக்கு மூலம், தேனியை அடுத்த அன்னஞ்சியின் பெயர் கொண்ட உள்ளூர் இரகம். அதில் செயற்கையாகச் சடுதிமாற்றம் உண்டாக்கித் தேர்ந்தெடுத்தார்கள். தட்டை உருண்டை, தோளில் பச்சை, தூரப் பயணம் தாங்கும் உடம்பு. இந்தப் பச்சைத் தோளைக் குறையென்று ஒதுக்குபவர் உண்டு. ஆனால் 2012இல் வெளியான ஓர் ஆய்வு வேறு கதை சொல்கிறது: பழம் முழுக்க ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று உலகமே தேர்ந்தெடுத்துப் போனதில், தோளின் பச்சையத்தோடு இனிப்பிலும் ஒரு பங்கு போய்விட்டது. அன்னஞ்சியின் வாரிசுக்கு அந்தப் பேராசை இல்லை.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. நம் வீடுகளில் தக்காளியை யாரும் விதைப்பதில்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் அது தானாக முளைக்கிறது. சென்ற மாதச் சாம்பாரின் மறுபிறவி அது. பி.கே.எம். 1 இப்படி முளைத்தாலும் பி.கே.எம். 1ஆகவே பிறக்கும். ஒட்டு இரகத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் விதையிலிருந்து பாட்டன், முப்பாட்டன் எல்லாரும் ஆளுக்கொரு நிறமும் அளவுமாக எழுந்து வருவார்கள். ஆண்டுதோறும் விதை வாங்கியே ஆகவேண்டும். வீட்டுத் தோட்டக்காரருக்கென்று உண்டாக்கிய தக்காளி, தோட்டத்தைத் தவிர மற்றவற்றுக்குக் கடையை நம்பியிருக்கிறது என்பது என் தனிப்பட்ட ஆதங்கம், ஆய்வில் சேராது.

முடிபு: ஆரஞ்சு பீஃப்ஸ்டேக் நல்ல பழம், நமக்கு உதவாத காய். ஆசைப்பட்டு வளர்ப்பவர் வளர்க்கலாம். இரவு வெக்கையில் பூ பிடிக்காமல் உதிரும், பெருங்காய் இனத்துக்கு அது இன்னும் கூடுதல் என்பதால் மாசிக்கு மேல் நட வேண்டாம். புரட்டாசியில் நாற்றுவிட்டு ஐப்பசியில் நட்டால் பூக்கும் காலம் கார்த்திகைக் குளிரில் அமையும். செடி நிற்காமல் ஏறும் இனம். கொம்பு போதாது, திராட்சைப் பந்தலில் ஓர் ஓரம் கேட்டுப் பாருங்கள். பழுத்ததா என்று நிறத்தைப் பார்க்காமல் பெருவிரலால் மெல்ல அமுக்கிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால், இது பழம்தான், இன்றைக்கே சாப்பிடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.