ஞானஸ்நானம் பெற்ற சூனியக்காரி

எங்கள் பள்ளி நூலகத்தில் ஹாரி பாட்டருக்கு இடமில்லை. சூனியமாம், தாளாளர் உத்தரவு. பக்கத்து அலமாரியில் நார்னியா கதைகள் ராஜமரியாதையோடு இருக்கின்றன. 1950இல் வந்த முதல் புத்தகத்தின் தலைப்பிலேயே சூனியக்காரி உண்டு. ஆனால் எழுதியவர் சி. எஸ். லூயிஸ், கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதாடியவர். ஆகவே அவள் ஞானஸ்நானம் பெற்ற சூனியக்காரி போலும். டோல்கீனின் மந்திரவாதி காண்டால்ஃபும் தப்பித்தார். தாளாளர் அவ்வளவு தடிமனான புத்தகத்தைத் திறப்பதில்லை.

 

தடை போடுகிறவர்கள் ஹாரி பாட்டரின் ஏழாம் புத்தகம் வரையாவது படித்துவிட்டுப் போடலாம். அதில் ஹாரியின் பெற்றோர் கல்லறையில் பொறித்திருப்பது பைபிள் வசனம், 1 கொரிந்தியர் 15:26.